பல்லவன் என்னும் பிறவிப் பகைவன்

காஞ்சிப் பல்லவருக்கும் வாதாபிச் சாளுக்கியருக்கும் நூறாண்டுக்கு மேல் நீடித்த பகை, ஊர்க் கோயிலுக்கு நிலம் விடும் ஆவணத்தில்கூட இடம் பிடித்தது. காஞ்சிபுரத்துக்கு வடக்கே உள்ள கூரத்தில் பல்லவ மன்னன் முதலாம் பரமேஸ்வரவர்மன் சிவன் கோயிலுக்குத் தானம் அளித்தான். பூசைக்கு, மண்டபத்தில் தண்ணீருக்கும் தீக்கும், பாரதம் வாசிப்பதற்கு என்று செப்பேடு பங்கு பிரிக்கிறது. பாலாற்றிலிருந்து வந்த பெரும்பிடுகு கால்வாயும் பரமேஸ்வர தடாகமும் அதில் உண்டு. ஆனால் இந்த நில, நீர் விவரங்களுக்கு முன்னால் வருவது போர். பாட்டன் நரசிம்மவர்மன் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய களங்களில் சாளுக்கிய மன்னன் புலிகேசியை ஓடச் செய்து, அவன் முதுகையே ஏடாக்கி வெற்றி என்று எழுதினானாம். பரமேஸ்வரவர்மனிடம் தோற்ற சாளுக்கிய மன்னன் முதலாம் விக்கிரமாதித்தன் கந்தை சுற்றிக்கொண்டு ஓடினானாம். சாளுக்கியனை வென்ற குலம் என்பதே தானம் கொடுக்கும் தகுதியாகிவிட்டது.

அதே விக்கிரமாதித்தனின் கட்வால் செப்பேடு (674), ஆழமான அகழியும் உயர்ந்த மதிலும் சூழ்ந்த காஞ்சியை அவன் கைப்பற்றியதாகச் சொல்கிறது. இரண்டு அரண்மனைகளும் தத்தம் மக்களுக்கு வெற்றியை மட்டுமே அறிவித்தன.

642 அளவில் தலைநகர் வாதாபி பல்லவரிடம் வீழ்ந்த அவமானம் சாளுக்கியரிடம் ஆறவே இல்லை. பல்லவனை இயல்பிலேயே பகைவன் என்று கேந்தூர்ச் செப்பேடு (750) குறிக்கிறது. அண்டை அரசன் செய்த ஒரு செயலுக்காக எழுந்த சினம், அவன் பிறப்போடு ஒட்டிய குணமாக மாறிவிட்டது. அப்படி நினைத்த பிறகு சமாதானத்துக்கு ஏது வழி?

ஆனாலும் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் நுழைந்தபோது நகரை அழிக்கவில்லை. பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டிய கைலாசநாதர் கோயிலின் பொன்னைத் திருப்பிக் கொடுத்தான். அங்குள்ள தூணில் அவனுடைய கன்னடக் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. பகைவனின் கலையைப் பகையாகப் பார்க்காத இந்தக் கண், அந்த நூற்றாண்டின் மிக அரிய செய்தி.

அதன் பலன் சாளுக்கிய நாட்டுக்குள்ளேயே தெரிந்தது. அவன் காஞ்சியை மும்முறை வென்றதன் நினைவாக அரசி லோகமகாதேவி பட்டடக்கல்லில் எழுப்பிய லோகேஸ்வரம், இன்றைய விரூபாட்சர் கோயில், கைலாசநாதரின் சாயலை வெளிப்படையாகக் கொண்டது. அதைக் கட்டிய சிற்பி குண்டனுக்கு அரசு பட்டம் அளித்தது. பாடகர்களின் பழைய உரிமைகளை அரசி உறுதிசெய்தாள்.

பல்லவன் மீதே கண் வைத்திருந்த அந்த அரசை 753 அளவில் கவிழ்த்தவன் தந்திதுர்க்கன். அவன் சாளுக்கியருக்குக் கீழ் இருந்த இராட்டிரகூடக் குலத்தவன்.