சமையலறையை எட்டிப் பார்த்த கோபுரம்

எஸ்தோனியாவின் தலைநகரான தாலின், ஹான்சா எனப்பட்ட வட ஐரோப்பிய வணிக நகரங்களின் கூட்டமைப்பில் ரேவால் என்ற பெயருடன் செழித்திருந்த காலத்தில், தன் பண்டகசாலைகளையும் துறைமுகத்தையும் காக்க எழுப்பிய மதிலில் ஏறத்தாழ 1.9 கிலோமீட்டர் இன்றும் நிலைத்திருக்கிறது. அம்மதிலின் கோபுரங்களுள் வரலாற்று மாணவர் முதலில் காண வேண்டியது, டூம்பேயா குன்றின் சரிவில் 1475இல் கட்டப்பட்ட 'கீக் இன் டெ கோக்' ஆகும். அதன் உச்சியில் காவல் நின்ற வீரர்களுக்குக் கீழ்நகர வீடுகளின் அடுப்படி வரை தெரிந்ததாம். 'சமையலறையை எட்டிப் பார்' என்னும் பொருள்படும் அப்பெயர் படைவீரர்களின் குறும்பிலிருந்து பிறந்தது.

ஆனால் கோபுரத்தின் சிறப்பு அதன் 38 மீட்டர் உயரத்தில் இல்லை. 4 மீட்டர் கனமுள்ள சுவரில்தான் இருக்கிறது. அம்புக்கும் ஏணிக்கும் அஞ்சிய முந்தைய தலைமுறை உயரத்தை நம்பியது; 1453இல் கான்ஸ்டாண்டிநோபிளின் புகழ்பெற்ற மதிலைப் பீரங்கிகள் தகர்த்த பிறகு, அந்த நம்பிக்கையோடு கோட்டை கட்டுவது பேதைமையாகிவிட்டது. எனவே ரேவாலின் கட்டுநர்கள் உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்லை அடுக்கடுக்காக வைத்துச் சுவரைத் தடிக்கச் செய்ததோடு, தளந்தோறும் பீரங்கிகளை நிறுத்தி, எதிரியின் ஆயுதத்தையே கோபுரத்தின் ஆயுதமாகவும் ஆக்கினர்.

லிவோனியப் போரின்போது, 1577இல், ரஷ்ய மன்னன் நான்காம் இவானின் படைகள் நகரை முற்றுகையிட்டபோது அந்தச் சுவர் சோதனைக்குள்ளானது. கோபுரம் கடுமையாகச் சேதமடைந்தபோதிலும் நகரம் வீழவில்லை. அன்று பாய்ந்த பீரங்கிக் குண்டுகள் இன்றும் வெளிச்சுவரில் புதைந்திருக்கின்றன. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பாதி உருண்டை மட்டும் புடைத்து நிற்பதைத் தரையில் நின்றே காணலாம். உள்ளே உள்ள எந்தக் காட்சிப்பொருளையும்விட இவையே முற்றுகையைத் தெளிவாக உணர்த்துகின்றன.

பதினேழாம் நூற்றாண்டில் ஸ்வீடிய ஆட்சியாளர் இப்பகுதியில் கொத்தளங்களை, அதாவது மதிலுக்கு வெளியே கூர்முனையாக நீட்டிக் கட்டப்படும் தாழ்ந்த மண்மேடுகளை, அமைக்கத் தொடங்கியதும், குண்டை விழுங்கிக்கொள்ளும் மண்ணுக்கு முன்னால் உயர்ந்த கல் கட்டடம் வெறும் இலக்காகத் தாழ்ந்தது. கோபுரத்தின் கீழிரு தளங்களும் அந்த மண்ணுக்குள் மறைந்தன. 1760இல் அரண்களின் பட்டியலிலிருந்தே அது நீக்கப்பட்டது; பின்னர் அதன் சில பகுதிகள் குடியிருப்புகளாகவும் பயன்பட்டன.

கொத்தளங்களுக்கு அடியில் வீரர்கள் நடமாட அமைக்கப்பட்ட சுரங்கவழிகளின் பயன் அத்துடன் முடியவில்லை. இரண்டாம் உலகப் போரில் அவை பொதுமக்களுக்கு வான்தாக்குதல் புகலிடங்களாயின. இன்று கோபுரம் அருங்காட்சியகமாக விளங்க, மேல்தளங்களின் பீரங்கிகளைக் கண்டு இறங்குவோர் அந்தக் குளிர்ந்த சுரங்கங்களுக்குள்ளும் சென்று வரலாம்.