எண்பேராயத்தில் ஆடைக்கு ஓர் இடம்

ஆரணி, பட்டு நெசவுக்குப் பேர்பெற்ற ஊர்; மராட்டிய ஜாகீர்தார்களின் இருப்பிடமாகவும் விளங்கியது. அருகிலுள்ள சத்திய விஜய நகரத்து அரண்மனை இதற்குச் சான்று. இவ்வூரின் மலரில், பழந்தமிழ் வேந்தரைச் சூழ்ந்திருந்த ஐம்பெருங்குழுவையும் எண்பேராயத்தையும் நினைவுகூர்வது பொருந்தும்; ஒரு பழைய பட்டியலின்படி எண்பேராயத்தில் ஆடைக்கும் ஓர் இடம் உண்டு.

இரட்டைக் காப்பியங்கள் இவ்விரண்டையும் இந்திர விழாவோடு சேர்த்துச் சொல்கின்றன. மணிமேகலையில், விழா எடுப்பதைப் பற்றிப் பேசக் கூடியோருள் இவர்களும் உளர். சிலப்பதிகாரத்திலோ, அரச குமரரோடும் தேர், யானை, குதிரைப் படையினரோடும் திரண்டு வேந்தனை வாழ்த்துகின்றனர். ஓரிடத்தில் ஆலோசனை, மற்றோரிடத்தில் அணிவகுப்பு.

இவர்கள் யார்? உ.வே.சாமிநாதையர் 1892-இல் உரைகளோடு பதிப்பித்த சிலம்பில் இருவேறு விடைகள் உள்ளன. உரையாசிரியர் அடியார்க்குநல்லார் கூறும் ஐவர் அமைச்சர், புரோகிதர், சேனாபதியர், தூதர், சாரணர். எண்மர் கரணத்தியலவர், கருமகாரர், கனகச்சுற்றம், கடைகாப்பாளர், நகரமாந்தர், படைத்தலைவர், யானை வீரர், இவுளி மறவர். மற்றொரு பழைய பட்டியலில் மாசனம், பார்ப்பார், மருத்துவர், நிமித்திகர், அமைச்சர் ஆகியோர் ஐவர். எண்மரோ சாந்து, பூ, கச்சு, ஆடை, பாக்கு, இலை, கஞ்சுகம், நெய் என்பவற்றுக்கு உரியோர்.

1904-இல் வெளிவந்த தம் நூலில் வி. கனகசபை, ஐம்பெருங்குழு மன்னனின் அதிகாரத்துக்கு வரம்பிட்டதாகக் கருதினார். எண்பேராயத்தில் சந்தனமும் வெற்றிலையும் ஏந்தியோரை அந்தச் சட்டகத்துக்குள் அடக்குவது கடினம். அதற்காக அவர்களை வெறும் ஏவலர் என்று ஒதுக்கவும் வேண்டியதில்லை. முடியாட்சியில் மன்னனின் அண்மையே ஒருவகை அதிகாரம். அவனை வேந்தனாக ஊருக்குக் காட்டுவது கோலம். அக்கோலத்தைப் பேணுவதும் அரசியற்பணியே.

இங்கிலாந்தின் பிரிவி கவுன்சிலும் இதையே உணர்த்துகிறது. மன்னரின் ஆலோசகர் அவையாகிய அதன் நீதிக்குழு, 1949 வரை இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்தது. இன்றோ பிரிவி கவுன்சிலின் கூட்டத்தில் உறுப்பினர்கள் நின்றபடியே இருக்க, அமைச்சரவை முன்பே முடிவு செய்த ஆணைகளுக்கு மன்னர் ஒப்புதல் தருகிறார். அதிகாரம் இடம்பெயர்ந்த பின்னும் சடங்கு நிற்கிறது. அந்தச் சடங்கின்றி ஆணை நிறைவடைவதில்லை.

ஆடைக்கு உரியவரைப் பேராயத்தில் வைத்த பட்டியல் இவ்வுண்மையை அறிந்தது. அரச வரலாற்றை எழுதுவோர் படையையும் வரியையும் கணக்கிடுவதோடு, கோலத்தைச் சமைத்த கைத்தொழில்களையும் அவ்வரலாற்றில் சேர்த்தாக வேண்டும்.