மில்லின் மனச்சோர்வும் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதையும்

1826ஆம் ஆண்டின் இலையுதிர் காலம். லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகத்தில் பணியாற்றிய இருபது வயது இளைஞர் ஒருவர் தம்மிடமே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார். தாம் விரும்பிய சமூகச் சீர்திருத்தங்கள் அனைத்தும் இந்தக் கணமே நிறைவேறிவிட்டால் தமக்கு மகிழ்ச்சி உண்டாகுமா? உண்டாகாது என்றே மனம் பதிலளித்தது. அதுவரை வாழ்வைத் தாங்கி நின்ற அடித்தளம் அந்தப் பதிலோடு சரிந்தது. அந்த இளைஞர் ஜான் ஸ்டூவர்ட் மில்.

இந்தியாவில் காலடி வைக்காமலேயே 1817இல் பிரிட்டிஷ் இந்திய வரலாற்றை எழுதி வெளியிட்ட ஜேம்ஸ் மில்தான் அவருடைய தந்தை. மகனுக்கு மூன்று வயதில் கிரேக்கமும் எட்டு வயதில் இலத்தீனும் கற்பிக்கத் தொடங்கியவரும் அவரே. பெந்தாமின் பயன்பாட்டுவாதத்தில் ஊறிய அக்கல்வி, எதையும் பகுத்து ஆராயும் கூர்மையைத் தந்தது. உணர்ச்சியைப் பேணக் கற்றுத்தரவில்லை. இடைவிடாத பகுப்பாய்வு உணர்ச்சியின் வேரையே அரித்துவிடும் என்பதை மில் தம் துயரத்தின் வழியே அறிந்தார்.

மீட்சி மெல்லவே வந்தது. மார்மொன்டெல் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் தம் தந்தையின் மரணத்தை நினைவுகூரும் பகுதியைப் படித்தபோது மில்லின் கண்கள் கலங்கின. தம் நெஞ்சம் முற்றிலும் வறண்டுவிடவில்லை என்ற நம்பிக்கை பிறந்தது. பைரனைப் படித்தும் பயன் கிட்டவில்லை. அக்கவிஞரின் மனநிலையும் தம்முடையதைப் போன்றே இருந்ததாக மில் உணர்ந்தார். 1828இல் வேர்ட்ஸ்வொர்த்தைப் படித்தபோதுதான் மருந்து கிடைத்தது. மலைகளையும் ஏரிகளையும் பற்றிய வருணனை மட்டுமன்று, இயற்கையின் அழகு மனிதருள் எழுப்பும் எண்ணமும் உணர்வும் அவரை ஈர்த்தன. அந்த அமைதியான மகிழ்ச்சி எல்லா மனிதருக்கும் பொதுவானது என்பதே அவருக்குப் பெரும் ஆறுதலாயிற்று. 1831இல் ஏரி மாவட்டத்துக்குச் சென்று கவிஞரை நேரிலும் சந்தித்தார்.

மில் சீர்திருத்தத்தைக் கைவிடவில்லை. பகுத்தறிவோடு உணர்ச்சியையும் பண்படுத்த வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார். மகிழ்ச்சியை நேரடி இலக்காகக் கொள்வோருக்கு அது அகப்படுவதில்லை. வேறொரு நோக்கில் ஆழ்ந்திருப்போரையே அது வழியில் வந்தடைகிறது என்ற முடிவுக்கும் வந்தார். 1859இல் வெளியான 'சுதந்திரம் பற்றி' என்ற நூலில், மனித இயல்பு வகுத்த மாதிரிப்படி கட்டப்படும் இயந்திரமன்று, தன் உள்ளாற்றலால் எல்லாத் திசையிலும் வளர வேண்டிய மரம் என்றார். அந்த உவமையில் ரொமாண்டிக் காலத்தின் குரல் ஒலிக்கிறது.

ஆயினும் அதே நூலின் முதல் அத்தியாயம், பின்தங்கியவை என அவர் கருதிய சமூகங்களை அச்சுதந்திரத்துக்கு வெளியே நிறுத்துகிறது. அச்சமூகங்களின் மேம்பாட்டுக்காக நடத்தப்படும் எதேச்சாதிகாரம் முறையானதே என்கிறது; அத்தகையோர்க்கு ஓர் அக்பருக்கோ சார்லமேனுக்கோ கீழ்ப்படிந்து நடப்பதே உரியது என்கிறது. 1823 முதல் 1858 வரை முப்பத்தைந்து ஆண்டுகள் கம்பெனியில் பணிபுரிந்து, இந்திய ஆட்சிக்கான கடிதங்களை வரைந்தவர் எழுதிய வரிகள் அவை. ஒரு கவிஞரைப் படித்துத் தம் உள்ளத்தை மீட்டெடுத்தவர், கோடிக்கணக்கான இந்தியரின் உள்ளமும் தானாகவே வளரக்கூடிய மரம் என்பதை ஏற்கத் தயங்கினார். மில்லிடமிருந்து சுயவளர்ச்சியைக் கற்க விரும்புவோர் அந்த மீட்சியையும் இந்தத் தயக்கத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.