ஊதிப் பார்க்கும் கருவி சொல்வது முடிவான சாட்சியா?

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் பிப்டிக் தொழிற்பேட்டையும் லாரி முனையமும் இருக்கின்றன. சரக்கு வண்டிகள் ஓயாத பகுதி. தமிழகத்தைவிட மது மலிவாகக் கிடைக்கும் ஊர் என்பதால், இங்கிருந்து புறப்படும் ஓட்டுநரைச் சந்தேகத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை. மதுவைத் தொடாத நம் பிள்ளைகளுக்கு இதில் என்ன கவலை என்று தோன்றலாம். கவலை உண்டு.

2025 ஜூலையில் கேரளத்தின் பந்தளம் அரசுப் பேருந்துப் பணிமனையில், குடிக்காத ஓட்டுநர் ஒருவர் ஊதியதும் கருவி ஆல்கஹால் காட்டியது. காரணம் பலாப்பழம். முதலில் பூஜ்யம் காட்டிய இன்னொரு ஊழியரைச் சுளை தின்னவைத்து ஊதச் சொன்னார்கள்; அவருக்கும் அளவு ஏறியது.

கருவி இரத்தத்தை அளப்பதில்லை. மூச்சில் இருக்கும் ஆல்கஹாலை அளந்து, இரத்தத்தில் அதுபோல் சுமார் 2,100 மடங்கு இருக்கும் என்று கணக்கிட்டுச் சொல்கிறது. இந்த விகிதம் ஆளுக்கு ஆள் மாறும். வாய் கொப்பளிக்கும் மருந்து, ஆல்கஹால் கலந்த இருமல் டானிக், ஹோமியோபதிச் சொட்டு மருந்து ஆகியவை வாயில் தங்கியிருக்கும்போது ஊதினால் அளவு ஏறும்; 15 முதல் 20 நிமிடத்தில் அது கரைந்துவிடும். விலை குறைந்த குறைக்கடத்திக் கருவிகள், சர்க்கரை நோயாளிகளின் மூச்சிலும் நீண்ட பட்டினியிலும் தோன்றும் அசிட்டோனைக்கூட ஆல்கஹாலாக எடுத்துக்கொள்ளலாம். எரிமின்கலக் கருவிகளில் இந்தக் குழப்பம் மிகக் குறைவு. நோன்பு நாளில் வண்டி ஓட்டுவோர் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

கோட்டில் நடக்கவிட்டும் ஒற்றைக் காலில் நிற்கவைத்தும் பார்ப்பது அமெரிக்க வழக்கம். அங்கே 1981இல் நடந்த ஆய்விலேயே நடைச் சோதனை 68 விழுக்காடு, ஒற்றைக்கால் சோதனை 65 விழுக்காடுதான் சரியாக இருந்தன. முழங்கால் வலியுள்ள முதியவரை அப்படி நிறுத்தினால் என்ன ஆகும்?

நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவின்படி வரம்பு 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம். 2019 திருத்தத்துக்குப் பின் முதல் குற்றத்துக்கு 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வாய் நாற்றம், தள்ளாட்டம், குழறல், விரிந்த கண்மணி ஆகியவற்றை மருத்துவர் குறித்திருந்தும், இரத்தப் பரிசோதனை இல்லாத நிலையில் அவை மட்டும் போதாது என்று 1971இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேரள உயர் நீதிமன்றம் 2025இல், ஊதுவதற்கு முன் கருவி பூஜ்யம் காட்ட வேண்டும் என்றது.

இந்த விவாதம் நமக்குப் புதிதல்ல. ஹிம்ஸ் நகரில் தம்மோடு வாதிட்ட ஒருவரிடம் மது வாடை வீசியதைக் கண்டு இப்னு மஸ்ஊத் (ரலி) தண்டனை கொடுத்த செய்தி புகாரியில் உள்ளது. அதைக் கொண்டு மாலிகி அறிஞர்கள் வாடையைச் சான்றாக ஏற்றனர். ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளில் வாடை மட்டும் போதாது. கட்டாயத்தால் குடித்திருக்கலாம், தெரியாமல் குடித்திருக்கலாம், வாடை வேறு பொருளுடையதாகவும் இருக்கலாம் என்பது அவர்கள் வாதம். நம் பகுதியில் பெரும்பாலோர் இந்த இரு மத்ஹபினர்தான்.

ஊத மறுப்பது மட்டும் கூடாது. தக்க காரணமின்றி மறுத்தால் 205ஆம் பிரிவு அதை எதிரான சூழ்நிலையாகக் கொள்ள இடம் தருகிறது, கைதும் செய்யலாம். மாறாக, புதிய குழாய் கேளுங்கள். முதலில் கருவி பூஜ்யம் காட்டுகிறதா பாருங்கள். எதையாவது சாப்பிட்டிருந்தால் சொல்லி, வாய் கொப்பளித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊத அனுமதி கேளுங்கள். அப்போதும் அளவு காட்டினால் இரத்தப் பரிசோதனை கோருங்கள். கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும், இல்லையேல் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும் என்கிறது 202ஆம் பிரிவு.

விபத்து நேர்ந்தால் இன்னொரு சிக்கல். ஊதும் சோதனையோ இரத்தப் பரிசோதனையோ இல்லாவிட்டாலும், மற்ற சான்றுகளைக் கொண்டு ஓட்டுநர் போதையில் இருந்ததாகக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம் என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே குடிக்காதவர்தாம் பரிசோதனையை வற்புறுத்திக் கேட்டு, அதன் நகலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.