வேங்கடத்துக் காட்டை எழுதியவர்கள்

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயில் திருவள்ளூரைத் தாண்டி, கடம்பத்தூர், மணவூர் என்று நின்று நின்று திருவாலங்காட்டுக்கு வந்து சேரும். இறங்கிப் பார்த்தால் நெல்லும் கரும்பும்தான். கூட்டுறவு சர்க்கரை ஆலை ஒன்று உண்டு. காரைக்காலம்மையார் பாடிய கோயில் உண்டு, நடராசரின் ரத்தின சபை உண்டு. ஊர்ப்பெயரில் இருக்கிற காடு மட்டும் கண்ணில் படாது. அந்தக் காட்டைப் பார்க்க வேண்டுமானால் புத்தகத்தைத்தான் திறக்க வேண்டும்.

உலகின் வடகோடியைப் பற்றிய நூல்களுக்கு எங்கும் வாசகர்கள் உண்டு. பனிவெளியில் இனுயிட் மக்களோடு வாழ்ந்து எழுதிய ஸ்டெஃபான்சனின் பயண நூல் 1913இல் வெளிவந்தது. கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்முசன் 1921 முதல் 1924 வரை நாய்வண்டியில் வடதுருவப் பகுதியைக் கடந்து, வழியெல்லாம் கதைகளையும் பாடல்களையும் சேகரித்தார். தமிழுக்கும் ஒரு வடகோடி இருந்தது. பனியும் பனிக்கரடியும் அங்கே இல்லை. முள்ளும் பாறையும் யானையும் இருந்தன. அந்த வடகோடிதான் வேங்கடம். தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வட எல்லையாக வைப்பது அந்த மலையைத்தான். திருவாலங்காடும் திருத்தணியும் அதன் அடிவாரத்து ஊர்கள் போலத்தான். இந்த எல்லைக் காட்டையும் அதன் மக்களையும் பற்றி எழுதப்பட்டவை ஒரு தனி அலமாரியை நிரப்பும். அவை எழுதப்பட்ட காலம் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு நீள்கிறது.

அலமாரியின் முதல் தட்டில் மாமூலனார் இருக்கிறார். அகநானூற்றில் பொருள்தேடி வடக்கே போன தலைவனைப் பற்றித் தோழியும் தலைவியும் பேசிக்கொள்ளும் இடங்களில், அவன் கடக்கும் வேங்கடத்தைப் புலவர் விரிவாகக் காட்டுகிறார். அது புல்லி என்ற தலைவனின் நாடு. 61ஆம் பாட்டில் அவனுடைய வில்லாளிகள் யானையை எய்து வீழ்த்துகிறார்கள். தந்தத்தையும் கள்ளையும் விற்று நெல் வாங்குகிறார்கள். அதைக் கொண்டு காலையிலேயே விருந்து வைக்கிறார்கள். காட்டுப் பொருள் சமவெளி நெல்லாக மாறிய பண்டமாற்று, ஒரு காதல் பாட்டின் நடுவே பதிவாகிக் கிடக்கிறது.

393ஆம் பாட்டு இன்னும் அருமையானது. வழிநடந்து பசித்து வரும் அயலார்க்கு அந்த மலைவாசிகள் சோறு போடுகிறார்கள். பழங்கொல்லையில் விளைந்த வரகை மாட்டின் காலால் மிதிக்க விட்டு உதிர்க்கிறார்கள். அகன்ற பாறையில் காய வைக்கிறார்கள், திரிகையில் உமி நீக்குகிறார்கள், முறத்தில் புடைக்கிறார்கள், உலக்கையால் குற்றுகிறார்கள். சுனைநீரை முகந்து கல்லடுப்பில் பானை ஏற்றுகிறார்கள். கொன்றைப்பூவின் தாதைக் குவித்ததுபோலப் பொங்கி வெந்த சோற்றைப் பசும்பாலோடு பங்கிட்டுத் தருகிறார்கள். ஒரு சிறுதானியம் பாறையிலிருந்து இலைக்கு வரும் வரை இத்தனை படிகளையும் வரிசை தவறாமல் சொன்னவர், அந்த முற்றத்தில் நின்று பார்த்தவராகவோ பார்த்தவரிடம் கூர்ந்து கேட்டவராகவோதான் இருக்க முடியும்.

கல்லாடனார் அதே புல்லியின் நாட்டில் வேறொன்றைக் காண்கிறார். தாய் யானை காட்டில் அலற, அதன் கன்றைப் பிரித்துக்கொண்டு வருகிறார்கள் இளைஞர்கள். மராமரத்துக் கிளையைப் பிளந்து உரித்த நாரால் இறுகக் கட்டி, கடைத்தெரு உள்ள ஊரில் கள் விற்கும் வீட்டு வாசலில் கன்றைப் பிணிக்கிறார்கள். இவருடைய சாட்சியத்துக்குத் தனி எடை உண்டு. வேங்கட எல்லைக்குட்பட்ட வடபுலம் பசியால் வாடியதால் பெரிய சுற்றத்தோடு தெற்கே வந்து தங்கியதாக இவரே புறநானூற்றில் பாடுகிறார். அந்தப் பக்கத்து மண்ணிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த ஒருவரின் குரல் அது. இந்த அலமாரி முழுவதிலும் இப்படி உள்ளிருந்து வரும் குரல் மிக அரிது.

பிறகு காரைக்காலம்மையார். திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் பதினோராம் திருமுறையில் உள்ளன. பக்தியோடு படிப்பவர்கள் அங்கே சிவனின் ஆட்டத்தைக் காண்பார்கள். சற்று நிதானித்தால் ஒரு வறண்ட காட்டின் செடிகொடிகளும் தெரியும். காரையும் சூரையும் எட்டியும் ஈகையும் இலவமும் கள்ளியும் பெயர் சொல்லி வருகின்றன. நள்ளிரவில் வாகையின் காய்ந்த வெண்ணிற நெற்றுகள் கலகலப்பதை அம்மையார் காதில் வாங்கியிருக்கிறார். நரியும் கூகையும் பேயும் உலவும் இந்த ஈமப்புறங்காட்டில் ஒருவர் மட்டும் இல்லை: அந்தக் காட்டை நம்பிப் பிழைத்த மனிதர்.

சோழர் காலத்தில் காட்டின் எழுத்து மாறியது. முதலாம் ராஜேந்திரன் தன் 6ஆம் ஆட்சியாண்டில் பக்கத்து ஊரான பழையனூரை ஆலங்காட்டு இறைவனுக்குக் கொடுத்ததைச் சொல்லும் பெரும் செப்பேட்டுத் தொகுதி வரலாற்று மாணவர் அனைவரும் அறிந்தது. பெண் யானையை நடக்கவிட்டு எல்லை குறித்து, உடும்பு ஓடுவதும் ஆமை தவழ்வதுமான நிலமெல்லாம் இன்னாருக்கு என்று எழுதுவது அக்காலச் செப்பேடுகளின் வழக்கம். உடும்பைப் பிடித்து உண்டவர்களுக்கு என்ன உரிமை என்பது அந்த வாசகத்தில் வருவதில்லை.

அவர்களை மறுபடி எழுத்துக்குள் கொண்டுவந்தவர் சேக்கிழார். 12ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய கண்ணப்பர் வரலாறு, காளத்தி மலையில் கண்ணைப் பிடுங்கி அப்பிய காட்சியால் புகழ்பெற்றது. அதற்கு முன்னே வரும், கண்ணப்பரின் ஊரான உடுப்பூரின் வருணனையை யாரும் தாண்டிப் போகக்கூடாது. நாய்களைக் கட்டியிருக்கும் விளாமரத்தின் கிளைகளில் நீண்ட வலைகள் தொங்குகின்றன. வேட்டையில் பிற விலங்குகளை ஈர்க்கும் பார்வை விலங்காக வளர்த்த பன்றி, புலி, கரடி, மான்கள் சுற்றிலும் நிற்கின்றன. பாறை முற்றமெங்கும் ஐவன நெல் காய்கிறது. கண்ணப்பராகப் போகும் திண்ணன் இறைச்சியைக் கோலில் கோத்து வாட்டி, சுவை பார்த்து, தேன் கலந்து, தேக்கிலையில் வைத்துப் படைக்கிறான். வேடனின் சமையல் ஒரு காப்பியத்தின் உச்சத்தில் பூசையாகிறது. தமிழில் காட்டுவாசிக்குக் கிடைத்த மிகப் பெரிய மரியாதை அதுதான்; அதைக் கொடுத்தவர் ஒரு சோழ அமைச்சர் என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

ஆங்கிலேயர் காலத்து நூல்களில் அந்த மரியாதை இல்லை, அளவுகோல் இருந்தது. நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் கொசஸ்தலையாற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் பழைய கற்கருவிகளைக் கண்டார். அங்கே பின்னர் நடந்த ஆய்வுகள் மனித வாழ்வை 15 லட்சம் ஆண்டுகளுக்குப் பின்னே கொண்டுபோயின. ஆர்தர் காக்ஸின் வட ஆர்க்காடு மாவட்டக் கையேடு 1881இல் வந்தது. 1909இல் எட்கர் தர்ஸ்டனும் ரங்காச்சாரியும் தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் 7 தொகுதிகளில் அடுக்கினார்கள். இந்த எல்லைக் காட்டின் குடிகளில் இருளர் இரண்டாம் தொகுதியில், ஏனாதியர் ஏழாம் தொகுதியில். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த தர்ஸ்டன் மண்டையோட்டையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தவர். இருந்தாலும் அவருடைய பக்கங்களில்தான் ஸ்ரீஹரிகோட்டாவின் கதை கிடைக்கிறது. 1835இல் அரசு அந்தத் தீவைக் கைக்கொண்டபோது அங்கே ஏனாதியர் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். தேனும் புளியும் உதிர்ந்த மான்கொம்பும் அவர்கள் சேகரித்துத் தந்த பொருள்கள். அதே தீவிலிருந்து 1971இல் முதல் ராக்கெட் பறந்தது. அந்தத் தீவின் பெயரைச் சொன்னால் நாட்டில் எத்தனை பேருக்கு ஏனாதியர் நினைவுக்கு வருகிறார்கள்?

1960 ஏப்ரல் 1இல் திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயன் அது. வேங்கடம் ஆந்திரத்தில் நின்றுவிட்டது, ஆலங்காடு தமிழகத்துக்கு வந்தது. அந்தப் போராட்டத்தின் வரலாறு பல நூல்களில் பதிவானது. கோட்டின் இரு பக்கமும் பரவிக் கிடந்த இருளர், ஏனாதியர் குடும்பங்களுக்கு எல்லை மாறியதால் என்ன நேர்ந்தது என்று அந்த நூல்கள் கேட்கவில்லை.

காடு சுருங்கச் சுருங்க இருளர்கள் வயல் எலிக்கும் பாம்புத் தோலுக்கும் தள்ளப்பட்டார்கள். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1976இன் ஏற்றுமதித் தடையும் தோல் வியாபாரத்தை மூடின. பாம்பியலாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றிலிருந்து நஞ்செடுத்து, பாம்பை மறுபடி காட்டில் விடுகிறார்கள். நாட்டின் நச்சுமுறி மருந்துக்கு அது முக்கிய ஆதாரம். இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டினார்கள். 2023இல் இருவரும் பத்மஸ்ரீ பெற்றார்கள். இதே திருவள்ளூர் மாவட்டத்தில் அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்டவர்களிலும் இருளர்களே நிறையப் பேர்.

கனடாவின் வடகோடியில் 1970இல் மார்க்கூசி என்ற இனுயிட் எழுத்தாளரின் வேட்டை நாவல் நூலாக வந்தது. 1978இல் மினி அவுட்லா ஃப்ரீமன் என்ற இனுயிட் பெண், தெற்கத்தி வெள்ளையர் நடுவே தான் வாழ்ந்த அனுபவத்தை எழுதினார். அதுவரை பார்க்கப்பட்டவர்கள் பார்ப்பவர்களானார்கள். நம் வேங்கட அலமாரியில் புலவரும் அடியாரும் அமைச்சரும் அதிகாரியும் இருக்கிறார்கள். எந்தப் புற்றில் எந்தப் பாம்பு, எந்த வேர் எந்தக் கடிக்கு என்று அறிந்தவர்களின் கையெழுத்து அங்கே போதவில்லை. அந்த அறிவைச் சுமக்கும் முதியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போய் எழுதப் படித்த பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். மாவட்ட நூலகங்களும் பதிப்பகங்களும் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் அந்தப் பிள்ளைகளிடம் போய்ப் புத்தகம் கேட்க வேண்டும், எழுதுவதற்குக் கூலியும் கொடுத்து.