1,336 கோடி ரூபாய் நட்டம் எப்போது விளைந்தது?

இந்திய வங்கிச் சீர்திருத்தம் பற்றிய எழுத்துகளில் பல, 1991 நவம்பரில் நரசிம்மம் குழு அளித்த வாசிப்பையே வழிமொழிகின்றன. வங்கிகளின் லாபமும் செயல்திறனும் தேய்ந்ததற்கு அக்குழு இரண்டு காரணங்களை முன்னிறுத்தியது. ஒன்று, அரசுப் பத்திரங்களில் கட்டாய முதலீடு. மற்றொன்று, முன்னுரிமைத் துறைக்குக் கட்டாயக் கடன். அரசுப் பத்திரம் முதலியவற்றில் வைக்கவேண்டிய எஸ்.எல்.ஆர். 38.5 விழுக்காடும், ரிசர்வ் வங்கியிடம் ரொக்கமாக வைக்கவேண்டிய சி.ஆர்.ஆர். 15 விழுக்காடும் இருந்த காலம் அது. முதற்காரணத்தை மறுப்பதற்கில்லை.

இரண்டாவது காரணம்தான் இடறுகிறது. சென்னைக் காசிமேட்டில் படகு வாங்குபவரும் திருவொற்றியூரில் லேத் பட்டறை போடுபவரும் வங்கியில் கடன் கேட்டால் அது முன்னுரிமைக் கடன். இந்த இலக்கை 40 விழுக்காட்டிலிருந்து 10 ஆகக் குறைக்கக் குழு பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. ஆனால் சிறுகடனே வங்கியைத் தின்றது என்ற எண்ணம் நிலைத்துவிட்டது.

ராயபுரத்துக்குத் தெற்கே, துறைமுகத்தை ஒட்டிய ராஜாஜி சாலையில் தலைமையகம் கொண்டிருந்த இந்தியன் வங்கியின் வரலாறு இதற்கு இசையவில்லை. 1906இல் ஆர்பத்நாட் நிறுவனம் திவாலானதை அடுத்து 1907இல் தோன்றி, 1969இல் தேசியமயமான அவ்வங்கி, 1995–96இல் சுமார் 1,336 கோடி ரூபாய் நட்டம் காட்டியது. தொடர்ந்து சிபிஐ தொடுத்த வழக்குகள் பெருநிறுவனங்களுக்கு வழங்கிய கடன்களைப் பற்றியவை. படகுக் கடனைப் பற்றியவை அல்ல. வழக்குப் பட்டியல் ஐந்தொகைக்கு ஈடாகாது என்பது நியாயமான ஆட்சேபம். பொதுத்துறை வங்கிகள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால், வாராக்கடனில் முன்னுரிமைத் துறையின் பங்கு கடனில் அதன் பங்கைவிடக் கூடுதலாகவே இருந்தது. அப்படியிருந்தும், ஒரே ஆண்டில் இவ்வளவு பெரிய தொகையைச் சிறுகடன்களின் மேல் ஏற்றுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

இங்கே சான்றாக நான் நிறுத்த விரும்புவது ரிசர்வ் வங்கியின் ஒரு கால அட்டவணை. 1985இல் வந்த எட்டுப் பிரிவு 'ஹெல்த் கோடு' முறையில், கடன் நலிந்திருக்கிறதா என்பதை வங்கியே பெரிதும் தன் மதிப்பீட்டில் முடிவு செய்தது. வராத வட்டியும் வருமானமாக ஏறியது. அதன் இடத்தில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த புதிய விதி, நிலுவையான காலாண்டுகளைக் கணக்கிட்டது. 1993 மார்ச்சில் நான்கு காலாண்டுகள் நிலுவையானால் வாராக்கடன். 1994 மார்ச்சில் மூன்று. 1995 மார்ச்சில் இரண்டு. கடன் வாங்கியவர் மாறாமலே, ஆண்டுக்கு ஆண்டு சல்லடையின் கண் சிறுத்தது. இதோடு, 8 விழுக்காடு மூலதனப் போதுமையை எட்டவேண்டிய கெடுவும் சேர்ந்தது. 1995–96 என்பது நட்டம் வெளிப்பட்ட ஆண்டு. விளைந்த ஆண்டு அதற்கு முந்தையது.

எத்தனை ஆண்டு முந்தையது? ஆண்டு மொத்தத்தை வைத்து இதை அறுதியிட முடியாது. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கடன்களின் வட்டி விடுவிக்கப்பட்டது 1994 அக்டோபரில். அதற்குப் பின் கொடுத்த கடனும் 1996 மார்ச்சுக்குள் நலிந்திருக்கக்கூடும். எனவே தாராளமயத்தையே குற்றவாளியாக்கும் எதிர்த்தரப்பை முற்றிலும் தள்ளிவிட இயலாது. ஆயினும், போட்டி நெருக்கியதால் வங்கி சறுக்கியது என்ற அவர்கள் கூற்று வலுவற்றது. எச்.டி.எஃப்.சி., ஐ.சி.ஐ.சி.ஐ. முதலிய புதிய தனியார் வங்கிகள் 1994–95இல்தான் கடை திறந்தன. விரல்விட்டு எண்ணத்தக்க கிளைகளோடு வந்தவை அதற்குள் இந்தியன் வங்கியை நெருக்கியிருக்க வழியில்லை.

சேமிப்பாளரின் பணத்துக்கு உண்மையான போட்டி வங்கியல்லாத நிதி நிறுவனங்களிலிருந்து வந்தது. குறிப்பிட்ட நிபந்தனைகளை நிறைவேற்றிய குத்தகை, வாடகைக் கொள்முதல் நிறுவனங்களுக்கு வைப்புத்தொகை வட்டியின் உச்சவரம்பை 1996 ஜூலையில் ரிசர்வ் வங்கி நீக்கியது. 1997இலேயே ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்திப் பிடியை இறுக்க நேர்ந்தது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசும் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. நிதி நிறுவனங்கள் மூடியபோது பணத்தைப் பறிகொடுத்தவர்களை மனத்தில் கொண்டால், கட்டுத்தளர்வின் விளைவை ஆராய்வோர் முதலில் பார்க்கவேண்டிய இடம் இது. வங்கிப் பக்கமோ, 1999இல் வர்மா குழு பலவீனமான வங்கிகளாக இந்தியன் வங்கி, யூகோ, யுனைடெட் பேங்க் ஆஃப் இந்தியா மூன்றையும் குறித்தது. அரசு மூலதனம் ஊட்டி இந்தியன் வங்கி மீட்கப்பட்டது. நிதி நிறுவனத்தில் போட்டவருக்கு அப்படி ஊட்ட யாரும் இருக்கவில்லை.