வாசலில் நிற்பவரின் உரிமை

வீட்டின் சுவர் உள்ளிருப்பவரைக் காக்கிறது. வாசலோ காப்பதோடு நில்லாமல் வெளியாரை வரவேற்கவும் செய்கிறது. ஆதலால்தான் மனிதர் வாழும் இடமெங்கும் வாசலுக்கென்று சில முறைமைகள் தோன்றியுள்ளன. வருபவர் கதவைத் தட்டுகிறார். தாம் யாரெனச் சொல்கிறார். உள்ளிருப்பவர் கதவைத் திறக்கலாம், திறவாமலும் இருக்கலாம். திறவாவிடில் வந்தவர் திரும்பிச் செல்கிறார். அத்துடன் அந்தச் சந்திப்பு முடிந்துவிடுகிறது.

இன்று உலகின் பல நகரங்களில் அது அவ்வாறு முடிவதில்லை. அழைப்புமணியோடு இணைந்த சிறு காமிரா, வந்தவரின் முகத்தையும் குரலையும் பதிவு செய்து, எங்கோ தொலைவிலுள்ள ஒரு நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பிவிடுகிறது. அஞ்சல்காரர், பொருள் கொண்டுவரும் இளைஞர், நலம் விசாரிக்க வந்த உறவினர், தெருவில் ஓடிப்போகும் குழந்தை என எவரும் இதற்கு விலக்கல்லர். திருடனைக் காட்டிக்கொடுக்கும் கருவி என்று இதனைப் பலர் போற்றுகின்றனர். அதில் உண்மை உண்டு. எனினும், அஞ்சிய ஒருவரின் பாதுகாப்புக்காகத் தோன்றிய இக்கருவி, வாசலுக்கு வரும் எல்லாரையும் கண்காணிப்பதாக எவ்வாறு மாறிற்று என்பதை வரலாற்றின் துணைகொண்டு எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகும்.

தட்டிய பின்னரே திறக்கலாம்

ஒவ்வொருவருக்கும் அவரவர் வீடே கோட்டை என்னும் கருத்து ஆங்கிலச் சட்டத்தில் ஆழ வேரூன்றியது. 1604-ஆம் ஆண்டில் தீர்க்கப்பட்ட செமெய்ன் வழக்கின் வழியாக அது நிலைபெற்றது. எட்வர்ட் கோக் எழுதிவைத்த அத்தீர்ப்பின் குறிப்பில் மற்றொரு விதியும் உண்டு. அரசனுடைய ஆணையோடு வரும் அதிகாரியேயானாலும், கதவை உடைக்குமுன் தாம் வந்த காரணத்தை அறிவித்து, கதவைத் திறக்குமாறு கேட்க வேண்டும் என்பதே அது. வாசலில் அதிகாரத்திற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை இவ்விதி உணர்த்திற்று.

அக்காலத்தில் அச்சம் ஒரு திசையிலிருந்தே வந்தது. வெளியிலிருப்பவர் உள்ளே அத்துமீறுவாரோ என்பதே கவலை. உள்ளிருப்பவர் வெளியில் நிற்பவருக்குத் தீங்கிழைக்கக் கூடும் என்று எவரும் எண்ணவில்லை. வாசலில் நின்றவரைப் பார்த்த கண், சில நாள்களில் அவரை மறந்துவிடும் அல்லவா?

மறவாத கண் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றிற்று. 1888-இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 'கொடாக்' என்னும் கைக் காமிராவை 25 டாலர் விலைக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதில் 100 படங்கள் எடுக்கலாம். படம் எடுத்து முடித்ததும் காமிராவையே ராச்செஸ்டர் நகரிலிருந்த தொழிற்சாலைக்கு அனுப்பிவிட வேண்டும். நிறுவனத்தார் படங்களை அச்சிட்டுத் திருப்பியனுப்புவர். எடுத்தவரின் படம் நிறுவனத்தின் கைக்குச் சென்று திரும்பும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது என்பதை நாம் நினைவிற்கொள்ளலாம்.

இரண்டே ஆண்டுகளில், 1890 டிசம்பரில், சாமுவேல் வாரன், லூயி பிராண்டைஸ் என்னும் பாஸ்டன் வழக்கறிஞர் இருவர் அந்தரங்க உரிமையைப் பற்றி ஹார்வர்டு சட்ட இதழில் ஒரு கட்டுரை வரைந்தனர். நொடியில் எடுக்கப்படும் புகைப்படங்களும் செய்தித்தாள்களும் தனிவாழ்வின் எல்லைக்குள் புகுந்துவிட்டன என்றும், சட்டம் மனிதரின் உடைமையை மட்டுமன்றி அவருடைய உள்ள அமைதியையும் காக்க வேண்டும் என்றும் அவர்கள் வாதிட்டனர்.

சட்டம் உடனே செவிசாய்க்கவில்லை. இளம்பெண் ஒருவரின் படத்தை அவருடைய இசைவின்றியே மாவு விளம்பரத்திற்கென 25,000 படிகள் அச்சிட்டுப் பரப்பினர். வழக்கு நியூயார்க் மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தை எட்டியபோது, அத்தகைய உரிமை எதுவும் சட்டத்தில் இல்லை என்று 1902-இல் நீதிபதிகள் நால்வர் தீர்ப்புரைத்தனர், மூவர் மறுத்தனர். மக்களின் மனக்கசப்பு பெருகவே, அடுத்த ஆண்டே மாநிலச் சட்டமன்றம் தனிச்சட்டம் இயற்றி, இசைவின்றி ஒருவரின் பெயரையோ படத்தையோ வணிகத்திற்குப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. கருவி முன்னே செல்லும், அநீதி பின்தொடரும், சட்டம் கடைசியாக வந்து சேரும் என்பதற்கு இது ஒரு பழைய சான்று.

ஒரு செவிலியின் அச்சம்

வாசற் காமிராவின் கதை பெருநிறுவனம் எதிலும் தொடங்கவில்லை. நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த கறுப்பினச் செவிலியரான மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்பாரின் வீட்டில் அது தொடங்கிற்று. அவரும் மின்னணுத் தொழில்நுட்பரான அவருடைய கணவர் ஆல்பர்ட்டும் வெவ்வேறு நேரங்களில் பணிக்குச் சென்றுவந்தனர். தனித்திருக்கும் இரவில் கதவு தட்டப்பட்டால் என் செய்வது? அப்பகுதியில் குற்றங்கள் மிகுந்திருந்தன. அழைத்தாலும் காவலர் விரைந்து வருவதில்லை.

எனவே கணவனும் மனைவியுமாக ஓர் ஏற்பாட்டை வகுத்தனர். கதவில் வெவ்வேறு உயரங்களில் நான்கு துளைகள். மேலும் கீழும் நகரும் காமிரா ஒன்று அவற்றின் வழியே வெளியே நோக்கும். வந்தவரின் உருவம் உள்ளறையிலுள்ள தொலைக்காட்சித் திரையில் தோன்றும். ஒலிவாங்கி வழியாக அவரோடு பேசலாம். நண்பரெனில் இருந்த இடத்திலிருந்தே பூட்டைத் திறக்கலாம். பகைவரெனில் விசையை அழுத்தி உதவிக்கு அழைக்கலாம். 1966 ஆகஸ்டில் இதற்கு விண்ணப்பித்த அவர்களுக்கு 1969 டிசம்பர் 2-ஆம் நாள் காப்புரிமை வழங்கப்பெற்றது.

இவ்வமைப்பின் உயிர்நாடியை நாம் கவனித்தல் வேண்டும். பார்ப்பதும், பேசுவதும், திறப்பதும், உதவிக்கு அழைப்பதும் வீட்டில் குடியிருப்பவரின் கையிலேயே இருந்தன. எளியவர் ஒருவர் தம்மைக் காத்துக்கொள்ளத் தேடிய வழி அது. அதனைக் குறைகூற எவருக்கும் மனம் வராது.

படம் வீட்டைவிட்டு வெளியேறியது

2013-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் இரு காரணங்களால் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஃபுளோரிடா மாநிலத்து வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. காவலர் மோப்ப நாயோடு ஒருவரின் வீட்டு வாசலுக்குச் சென்று சோதித்தது முறையா என்பது கேள்வி. முறையன்று என்ற நீதியரசர் ஸ்காலியா, வாசலுக்கு வருபவருக்கு வழக்கம் தரும் உரிமையை விளக்கினார். எவரும் பாதை வழியே வந்து, கதவைத் தட்டி, சிறிது நேரம் காத்திருந்து, அழைக்கப்படாவிடில் திரும்பிவிடலாம். வேவு பார்க்க அவ்வுரிமை இடந்தராது என்பது அவர் உரையின் சாரம். வாசலில் நிற்பவருக்கு உரிமையும் உண்டு, வரம்பும் உண்டு என்பது இதனால் தெளிவாயிற்று.

அதே ஆண்டில் ஜேமி சிமினாஃப் என்பவர், வாசலில் நிற்பவரைக் கைபேசியிலேயே காட்டும் அழைப்புமணி ஒன்றைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் முதலீட்டாளர்முன் வைத்தார். முதலீடு பெறாமலே திரும்பினார். 2014-இல் அக்கருவி 'ரிங்' என்னும் புதுப்பெயர் பெற்றது. 2018-இல் அமேசான் நிறுவனம் அதனைப் பெருந்தொகைக்கு வாங்கிற்று.

பிரவுன் அம்மையாரின் காமிராவுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு படத்தின் தெளிவன்று. படம் செல்லும் இடமே. வீட்டுத் திரையோடு நின்ற காட்சி, இப்பொழுது நிறுவனத்தின் கிடங்கில் தங்குகிறது. கிடங்கு என்று ஒன்று இருந்தால் அதற்குச் சாவி கேட்போரும் பலர் இருப்பர்.

முதலிற் கேட்டவர் காவல்துறையினர். 2019 ஆகஸ்டில் 405 காவல் அமைப்புகள் ரிங் நிறுவனத்தோடு கூட்டு வைத்திருந்ததை அந்நிறுவனமே வெளியிட்டது. 2021-க்குள் அத்தொகை 2,000-ஐக் கடந்தது. நீதிமன்ற ஆணையின்றியே, வீட்டாரிடம் நேரடியாகப் படங்களை வேண்டிப் பெற இந்த ஏற்பாடு வழிசெய்தது. வீட்டார் மறுக்கலாம், படத்தில் இருப்பவருக்கோ மறுக்கும் வாய்ப்பே இல்லை. 2022 ஜூலையில், செனட்டர் எட் மார்க்கி கேட்ட கேள்விக்கு விடையளித்த அமேசான், அவ்வாண்டில் 11 முறை வீட்டாரின் இசைவையும் பெறாமல், அவசரநிலை கருதிக் காவலரிடம் படங்களை அளித்ததாக ஒப்புக்கொண்டது. 2024 ஜனவரியில், செயலியின் வழியே படம் கேட்கும் வசதி நிறுத்தப்பட்டது. 2025-இல் வேறொரு வடிவில் மீண்டும் வந்தது.

இரண்டாவது தீங்கு நிறுவனத்தின் உள்ளிருந்தே எழுந்தது. 2023 மே மாதத்தில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் ரிங் நிறுவனத்தின்மீது குற்றஞ்சாட்டிற்று. படுக்கையறை போன்ற தனியிடங்களில் வைக்கப்பட்ட அதன் காமிராக்களின் பதிவுகளைப் பணியாளர் ஒருவர் 2017-இல் பல மாதங்கள் பார்த்து வந்தார் என்றும், வெளியாரும் கணக்குகளுக்குள் புகுந்தனர் என்றும் ஆணையம் உரைத்தது. 58 லட்சம் டாலர் செலுத்த நிறுவனம் உடன்பட்டது. பாதுகாப்புக்காக வாங்கிய கருவியே பாதுகாப்பின்மைக்கு வாயிலாயிற்று.

2025 டிசம்பரில் மற்றொரு படி கடக்கப்பட்டது. வருபவரின் முகத்தை அடையாளங்கண்டு பெயர் சொல்லும் வசதியை அந்நிறுவனம் அமெரிக்காவில் அறிமுகம் செய்தது. முகப்பதிவைக் கட்டுப்படுத்தும் சட்டங்களுள்ள இல்லினாய், டெக்சஸ் மாநிலங்களிலும் போர்ட்லாண்ட் நகரிலும் அது வழங்கப்படவில்லை. சட்டம் இருந்த இடத்தில் கருவி தயங்கி நின்றது என்பது நாம் கற்கவேண்டிய பாடமன்றோ?

சட்டத்தின் துலாக்கோல்

ஐரோப்பா இச்சிக்கலை முன்னரே எதிர்கொண்டது. செக் நாட்டில் ஒருவர், தம் வீட்டுச் சன்னல்கள் அடிக்கடி உடைக்கப்பட்டமையால், கூரையின் கீழே காமிரா ஒன்றைப் பொருத்தினார். அது தெருவையும் எதிர்வீட்டு வாயிலையும் சேர்த்தே பதிவு செய்தது. அப்பதிவால் ஐயத்திற்குரிய இருவர் அடையாளங் காணப்பட்டனர். அவருள் ஒருவர் முறையிடவே, வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை சென்றது. பொதுவீதியை நோக்கும் காமிரா வெறும் வீட்டு விவகாரம் ஆகாது. அது தரவுப் பாதுகாப்புச் சட்டத்திற்கு உட்பட்டதே என்று 2014 டிசம்பர் 11 அன்று அந்நீதிமன்றம் அறிவித்தது. அதே வேளையில், தம் குடும்பத்தையும் உடைமையையும் காக்க விழையும் வீட்டாரின் நியாயமான நலனையும் எடைபோட வேண்டும் என்றது.

2021 அக்டோபரில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நீதிமன்றம் இவ்வெடையை நுட்பமாகவே போட்டது. அண்டைவீட்டாரின் காமிராக்களால் துன்புற்ற ஒரு பெண்மணி தொடுத்த வழக்கு அது. முன்வாசல் அழைப்புமணியில் தற்செயலாகப் படமாவதை நீதிபதி பெரிதுபடுத்தவில்லை. ஆனால், வீட்டெல்லைக்கு அப்பால் நிற்போரின் உரையாடலையும் கருவி பதிவுசெய்தது வரம்பு மீறல் என்று கண்டார். படத்தைவிட ஒலிப்பதிவே மிகுந்த தீங்கு தரும் என்பது அவருடைய கருத்து.

நம் நாட்டிலும் இக்கருவிகள் விற்பனையாகின்றன. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்கள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஆனால் 2023-இல் இயற்றப்பட்ட எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிமனிதர் தம் சொந்த அல்லது வீட்டு நோக்கத்திற்காகக் கையாளும் தரவுகளுக்குத் தான் பொருந்தாது என்கிறது. வீட்டுவாசலில் நின்று தெருவைப் பார்க்கும் காமிரா வீட்டைச் சேர்ந்ததா, தெருவைச் சேர்ந்ததா? ஐரோப்பியர் விடை கண்ட இக்கேள்வி நம் முன்னும் நிற்கிறது.

நம் கையில் உள்ளவை

சட்டம் வரும்வரை காத்திராமலே செய்யத்தக்கவை சில உண்டு. காமிரா நம் படிக்கட்டை மட்டும் பார்க்குமாறு திருப்பி வைக்கலாம். எதிர்வீட்டுச் சன்னலை அது நோக்க வேண்டியதில்லை. ஒலிப்பதிவை நிறுத்தலாம். பழைய பதிவுகளை விரைவில் அழித்துவிடலாம். காமிரா உள்ளது என்று வருபவர் அறியும்படி ஓர் அறிவிப்பை எழுதி வைக்கலாம். ஐயம் என்ற பெயரில் முன்பின் அறியாதவரின் படத்தை ஊரெங்கும் பரப்பாதிருக்கலாம். பதிவைத் திறக்கும் திறவுகோல் வீட்டாரிடமே இருக்குமாறு செய்யும் மறையாக்க முறை 2021 முதல் சில கருவிகளில் உண்டு; அதனைத் தேர்ந்துகொள்ளலாம்.

தமிழில் 'விருந்து' என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது முதற்பொருள். புதியவராய் வந்தவரே விருந்தினர் ஆனார். புதியவர் என்றாலே ஐயத்திற்குரியவர் என்று கருவி நமக்குக் கற்பிக்குமானால், நாம் இழப்பது அவருடைய அந்தரங்கத்தை மட்டுமன்று. நம் வாசலின் பண்பையும் இழக்கிறோம். அன்று அந்தச் செவிலியார் காமிரா பொருத்தியது கதவை என்றும் அடைத்துவைப்பதற்கன்று; நண்பரெனக் கண்டால் அச்சமின்றித் திறப்பதற்கு. பார்த்தபின் மறந்துவிடும் இயல்பு மனிதக் கண்ணுக்கு உண்டு. அவ்வியல்பைக் கருவிக்குக் கற்பிப்பது நம் பொறுப்பு.